பட்டியில் 13 பசு சும்மா நிற்கிறது: வைப்பதா, விற்பதா?

வெருகல் பட்டி
ஏப்ரல் 19, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பட்டி இலங்கையில் திருகோணமலை மாவட்டத்து வெருகல் பக்கம். மாடு மேய்வது மாரியில் காடு, பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்ததும் வட்டை (வயல்வெளி), கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும் நாளில் வில்லுப் (ஆற்றோரத் தாழ்நிலப் புல்வெளி) பக்கம். அப்பா முப்பது வருடம் பார்த்தார். போன வருடம் அவருக்கு முழங்கால் ஏலாமல் போக, பொறுப்பு என் கைக்கு வந்தது. பால் வீட்டுக்கும் அயலுக்கும்தான். வருடத்தில் ஐந்தாறு நாம்பனை, அதாவது ஆண் மாட்டை, இறைச்சிக்குக் கொடுப்பதுதான் பட்டியால் வரும் காசு.

பட்டிப் பொங்கலன்று மாடு முழுவதும் ஒன்றாய் நின்றபோது ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கி, போன கிழமைதான் முடித்தேன். மொத்தம் 65. பசு 34, நாகு (இன்னும் கன்று போடாத இளம் பசு) 7, கன்று 15, நாம்பன் 9. 34 பசுவில் 15க்குக் கன்று இருக்கிறது. 6 பசு சினை என்று கண்ணுக்கே தெரிகிறது. மிச்சம் 13 பசுவுக்குக் கன்றும் இல்லை, சினைக்கான அறிகுறியும் இல்லை. அதில் 4 வயதுபோனது. 5 நடு வயது, இரண்டு வருடமாக ஒன்றும் இல்லை. 3 இளசு, தலைக்கன்றோடு நின்றுவிட்டது. ஒன்று போன வருடம் கன்று வீசியது (கரு கலைந்தது).

பட்டி பார்க்கிற அண்ணனுக்கு மாதம் 40,000 ரூபா கொடுக்கிறோம். 65ஆல் பிரித்தால் ஒரு மாட்டுக்கு 615. இந்த 13க்கும் வருடத்துக்கு 96,000 சும்மா போகிறது. மச்சான் சொல்கிறார், 13ஐயும் லொறியில் ஏற்று என்று. அப்பா சொல்கிறார், "அதுகள் காட்டுப் புல்லைத் தின்னுது, உன் சோற்றையா தின்னுது?" இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தம்பலகாமத்தான்
ஏப்ரல் 20, காலை 6.15

தம்பி, கொப்பி போட்டது பெரிய காரியம். எங்கள் பக்கம் நூறு மாடு வைத்திருப்பவரிடம் எத்தனை பசு கன்று போட்டது என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார்.

ஆனால் உன் கூலிக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. 13ஐ விற்ற அடுத்த மாதம் பட்டி பார்க்கிறவர் 8,000 குறைத்து வாங்குவாரா? மாட்டார். 52 மாட்டுக்கும் அதே 40,000தான், அதே காடுதான், இரவில் யானைக்கு அதே காவல்தான். அப்போது ஒரு மாட்டுக்கு 615 என்பது 769 ஆகும். நீ மிச்சம் என்று எழுதிய 96,000 எங்கிருந்தும் வராது. பசு போனால் உண்மையில் குறைவது உப்பு, உண்ணி மருந்து, பூச்சி மருந்து, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஆவணி, புரட்டாதியில் மழைக்கு முன் என் வயலில் பட்டி அடைக்கச் சொல்லி நான்தான் ஆள் தேடிப் போகிறேன். அந்த எருவுக்கு நெல்லும் கொடுக்கிறேன். எருப் போட சினை வேண்டியதில்லை.

அப்புறம் மாடு ஒரு வங்கி. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குப் போனதே, அப்போது நிலையான வைப்பில் காசு போட்டிருந்தவனின் காசு மதிப்பு வெகுவாகக் குறைந்துபோனது. மாடு வைத்திருந்தவனுக்கு மாட்டு விலையும் கூடவே ஏறியது. நான் மூத்த மகளின் கலியாணத்துக்கு விற்ற நாலு பசுவும் கன்று போடாத பசுதான். அதனால் அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதே.

கிண்ணியா மாட்டு வியாபாரி
ஏப்ரல் 20, இரவு 8.05

22 வருடமாக மாடு எடுத்துக் கொடுக்கிறேன். தம்பலகாமம் அண்ணன் சொன்ன வங்கிக் கதை பாதி சரி. அந்த வங்கியில் முதல் குறைகிற மாதங்கள் உண்டு, அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

நான் பசுவை எப்படி விலை பேசுகிறேன் என்று சொல்கிறேன். முதலில் வாலடியில் கை வைப்பேன். வாலின் இரு பக்கமும் குழி விழுந்து எலும்பு கூராக நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு விலாவில் விரலை ஓட்டுவேன். கண்ணால் எண்ணக்கூடிய விலா எத்தனை, அழுத்தினால்தான் தெரிகிற விலா எத்தனை என்று பார்ப்பேன். கடைசியில்தான் வாயைத் திறப்பேன். கீழே எட்டுப் பல்லும் போட்டு, தேய்ந்து, இடைவெளி விழுந்து, ஒன்றிரண்டு ஆடத் தொடங்கிவிட்டால் அந்தப் பசு இனி வறண்ட புல்லைக் கடித்து உடம்பு ஏற்றாது. அதன் இன்றைய உடம்புதான் அதன் கடைசி உடம்பு.

எங்கள் நாட்டுப் பசு ஒன்று இப்போது, வட்டையில் தாளடிப் புல் தின்று, 220 கிலோ நிற்கும் என்று வையுங்கள். போன வருடம் இப்படி ஒரு பசுவுக்கு 130,000 கொடுத்தேன். அதே வீட்டில் அதே வயதுப் பசு ஒன்றை "பிறகு பார்ப்போம்" என்றார்கள். ஆவணியில் அவர்களே அழைத்தார்கள். அது 170 கிலோகூட இல்லை, 85,000க்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் புல் இல்லாமல் எல்லாரும் ஒன்றாய் விற்க வருவார்கள், லொறியில் இடமும் இருக்காது. நாலு மாதத்தில் 45,000. பட்டிக் கூலியை விட்டுவிடுங்கள் தம்பி, நட்டம் இங்கேதான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் விலை கூடும். ஆனால் அது வருடத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னால் நகர்கிறது. இப்போதைக்கு வட்டைப் புல் முடிகிற காலத்தோடு ஒத்து வருகிறது. பத்து வருடம் போனால் அப்படி இராது.

உரிமைப் பத்திரம், காதுத் தகடு, சுகாதாரச் சான்று, கொண்டுபோகும் அனுமதி எல்லாவற்றையும் இப்போதே சரிபார்த்து வையுங்கள். 1958ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்துக்குப் பிறகு பசுவை நினைத்தபடி அறுக்க ஏலாது. கடதாசி இல்லாத நல்ல பசுவைவிடக் கடதாசி உள்ள மெலிந்த பசுவுக்கு நான் கூடக் கொடுப்பேன்.

வெருகல் பட்டி
ஏப்ரல் 20, இரவு 10.30

நன்றி தம்பலகாமம் அண்ணன், நன்றி கிண்ணியா காக்கா. கூலிக் கணக்குப் பிழை என்று விளங்கிவிட்டது.

ஆனால் புல்லில் எனக்கு இன்னும் சந்தேகம். ஒரு பசு நாளைக்கு ஆறு கிலோ அளவில் காய்ந்த தீனி தின்னும் என்று கேள்விப்பட்டேன். 13 பசு 78 கிலோ. வறண்ட 150 நாளுக்கு 11,700 கிலோ. அவ்வளவு தீனியும் கன்றுத் தாய்க்குப் போனால் நல்லதுதானே?

தம்பலகாமத்தான்
ஏப்ரல் 21, காலை 5.50

யாருக்குப் போகும் தம்பி? வில்லில் உன் மாடு மட்டுமா மேய்கிறது? நீ 13ஐ எடுத்தால் அந்தப் புல்லைப் பக்கத்துப் பட்டி தின்னும். அவர் இன்னும் 13 சேர்ப்பார். பொதுவான மேய்ச்சல் தரையில் நீ குறைப்பது உனக்கு மிஞ்சாது.

முன்பு போன இடமெல்லாம் இப்போது போகவும் ஏலாது. சோமாவதிப் பக்கம் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு ஒரு பக்கம் அடைபட்டது. வேறு பக்கம் வயலாகிவிட்டது. இருக்கிற தரைக்கு எல்லைக் கல் போட்டு எங்களுக்கென்று ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு என் தலை நரைத்துவிட்டது. அது நடந்தால்தான் உன் 11,700 கிலோக் கணக்கு முழுதாய் சரிவரும்.

அல்பேர்ட்டா மாட்டுப்பண்ணை
ஏப்ரல் 21, காலை 8.20

நான் ஆலங்கேணியில் பிறந்தவன். பதினாறு வருடமாகக் கனடாவில் இறைச்சி மாட்டுப் பண்ணையில் வேலை. இங்கே எப்படி என்று சொன்னால் உங்கள் வித்தியாசம் தெளிவாகும்.

இங்கே இளவேனிலில் கன்று போடும். கோடையில் இரண்டு மாதம்போலத்தான் காளை பசுவோடு நிற்கும். இலையுதிர் காலத்தில் கன்றைப் பிரித்த கையோடு எல்லாப் பசுவையும் ஒடுங்கிய வேலிக்குள் விட்டு மிருக வைத்தியர் சினை பார்ப்பார். சினை இல்லாத பசுவின் முதுகில் சாயக் கோடு விழும். அது பெரும்பாலும் பனி விழுமுன் போய்விடும். காரணம் எளிது. 600 கிலோப் பசு நாளைக்கு 12 முதல் 15 கிலோ காய்ந்த புல் தின்னும். ஆறு மாதம் பனி. ஒரு பசுவுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் வேண்டும், அத்தனையும் காசு கொடுத்து வாங்கியது அல்லது வெட்டிக் கட்டியது. கன்று தராத பசுவுக்கு அதைப் போட யாருக்கும் மனம் வராது.

ஆனால் இதையும் கேளுங்கள். எல்லாரும் இலையுதிர் காலத்தில் விற்பதால் விலை அப்போதுதான் விழும். கையில் மலிவான தீனி உள்ளவர் மெலிந்த பசுவை உடனே விற்காமல் குளிர்காலம் முழுவதும் தீனி போட்டு, உடம்பேற்றி, இளவேனிலில் விற்று இலாபம் பார்ப்பதும் உண்டு. ஆகவே சினை இல்லை என்று தெரிந்த நாளும் விற்கிற நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இனி போடும் தீனி அந்தப் பசுவின் உடம்பில் சதையாக ஏறுமா, ஏறாதா?

எங்கள் மண்ணில் தைக்கும் சித்திரைக்கும் இடையில் ஏறும். வைகாசிக்குப் பிறகு இறங்கும். கிண்ணியா நானா சொன்ன 45,000 அந்த இறக்கம்தான்.

குச்சவெளி
ஏப்ரல் 21, இரவு 7.45

இதில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நாம்பனைக் கொடுப்போம், பசுவைக் கொடுப்பதில்லை. என் தாய் அப்படித்தான் வளர்த்தார். ஏழு வருடத்துக்கு முன் வீட்டில் ஒரு வருத்தம் வந்து காசு தேவைப்பட்டது. ஒரு பசு, மயிலைநிறம், இரண்டு வருடமாக ஒன்றும் இல்லை. மலடு என்று முடிவு செய்து கொடுத்தேன். மூன்றாம் நாள் வாங்கியவர் கடைக்கு வரச் சொன்னார். வாசலில் நிற்கவைத்துத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். வயிற்றில் ஆறு மாதக் கன்று இருந்ததாம், மயிர் முளைக்கத் தொடங்கிய கன்றாம். அவரும் முகம் வாடித்தான் நின்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பார்க்காமல் கொடுத்தது நான்.

கணக்காய்ப் பார்த்தாலும் அது ஒரு பசுவும் ஒரு கன்றும் போன நட்டம். ஆனால் எனக்கு அது கணக்காய் இல்லை. அன்றிலிருந்து நான் பசு விற்கவே இல்லை. என் பட்டியில் இப்போது கிழட்டுப் பசு 6 நிற்கிறது. அதற்கான செலவை நான் தெரிந்தே செய்கிறேன், கோயிலுக்குக் கொடுப்பது போல. தம்பிக்கு நான் சொல்வது இதுதான்: விற்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பார்க்காமல் விற்காதே.

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர்
ஏப்ரல் 22, பகல் 11.10

குச்சவெளி நண்பர் எழுதியது போன்ற சம்பவங்களை என் வேலைக் காலத்தில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். வருடம் ஒரு கன்று வேண்டுமென்றால் கன்று போட்ட 82 நாளுக்குள் அது மறுபடி சினை பிடிக்க வேண்டும். மெலிந்து, கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டு, வைக்கோலைத் தின்று நிற்கும் பட்டிப் பசுவுக்கு அது கடினம். உடம்பில் இருப்பு இல்லையென்றால் பருவமே வராது. எங்கள் பட்டி மாட்டில் மூன்று வருடத்தில் இரண்டு கன்று வந்தால் நான் நல்ல பசு என்பேன். ஆகவே "கன்று இல்லை" என்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல ஏலாது. ஏன் இல்லை என்று பார்க்க வேண்டும்.

உங்கள் 13ஐயும் நான் ஒரே கூட்டமாகப் பார்க்கமாட்டேன். அந்த 3 இளம் பசுவை எடுங்கள். தலைக்கன்று போட்ட பசு தானும் வளர வேண்டும், கன்றையும் வளர்க்க வேண்டும். பல்லே இன்னும் முழுதாய்ப் போட்டிராது. அது இரண்டாம் முறை தவறுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. அவற்றை விற்றால் நாலு வருடம் வளர்த்த செலவு போய்விடும், இனி தரப்போகிற ஐந்தாறு கன்றும் போய்விடும். அவற்றுக்கு யூரியா ஊட்டிய வைக்கோல் கொடுங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முழுதாய்க் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று கிழமை மூடி வைத்து, பிறகு திறந்து ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். யூரியாவை நேரே தின்னவோ, கரைத்த தண்ணீரைக் குடிக்கவோ விடக்கூடாது, மாடு செத்துவிடும். எலும்பைக் கடித்துக்கொண்டு நிற்கும் மாடு இருந்தால் பொஸ்பரஸ் குறைவு. தாது உப்புக் கட்டி தொங்கவிடுங்கள். தம்பலகாமத்தார் சொன்ன பொதுத்தரைப் பிரச்சினை இந்த வைக்கோலுக்கு இல்லை. அது உங்கள் வைக்கோல் பட்டறை, உங்கள் மாடு. யாருக்குப் போடுவது என்பது உங்கள் கையில்.

நடு வயது ஐந்தில் என் முதல் சந்தேகம் காளைமேல். நல்ல மழை வருடத்தில், உடம்பு நல்லாயிருக்கும் பசு ஐந்து ஒன்றாய் வெறுமையாக நின்றால் நான் பசுவைப் பார்க்குமுன் காளையைப் பார்ப்பேன். ஒரு காளைக்கு 25 பசு என்று வைத்தால், பசு ஒன்று கெட்டால் ஒரு கன்று போகும், காளை கெட்டால் 25 போகும். கால் நொண்டுகிறதா, ஏறி இறங்குகிறதா, மூன்று கிழமைக்கு ஒருமுறை அதே பசு மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பட்டி பார்க்கிறவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியும். நாங்கள் கேட்பதில்லை.

கன்று வீசிய பசு. இதைக் கவனமாகக் கேளுங்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு கன்று வீசினால் புரூசெல்லோசிஸ் என்று சந்தேகிக்க வேண்டும். இரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை தனியாகக் கட்டுங்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடவே கூடாது, ஆழப் புதைக்க வேண்டும், நாய்க்கு விடக்கூடாது. பாலைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. மனிதருக்கு வரும், வந்தால் விட்டுவிட்டுக் காயும், மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கும். அப்படியான பசுவை வேறொரு பட்டிக்கு விற்பது பாவம் என்று நான் திறந்தே சொல்கிறேன். நாகுக் கன்றுகளுக்கு 3 மாதத்துக்கும் 8 மாதத்துக்கும் இடையில் தடுப்பூசி இருக்கிறது. உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

எப்போது பார்ப்பது? தை பட்டிப் பொங்கலில் கண்ணால் ஒரு பார்வை, கொப்பியில் எழுத்து. அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். தையிலிருந்து சித்திரை வரை காளை நிற்கும், உடம்பும் ஏறும். வைகாசிக் கடைசியில் மிருக வைத்தியரைக் கூப்பிட்டுக் கைபோட்டு (பின்வழியால் கையை விட்டு) சினை பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட சினை பழகிய கைக்குத் தெரியும். சித்திரையில் சேர்ந்தது தப்பிப்போகலாம். சந்தேகம் என்று அவர் சொன்னால் அந்தப் பசுவை விற்காதீர்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு பார்வையிலும் வெறுமை, பல்லும் தேய்ந்தது, நல்ல காளையோடு நின்றது என்றால் கச்சான் அடிக்குமுன் கொடுத்துவிடுங்கள்.

மூதூர் அக்கா
ஏப்ரல் 22, இரவு 9.00

டொக்டர் சொன்ன "கச்சானுக்கு முன்" என்பதோடு "வாடைக்கு முன்" என்பதையும் சேர்க்க வேண்டும்.

எனக்கு 9 பசு இருந்தது. அதில் மூன்று கிழடு. 2022இல் தம்பலகாமம் அண்ணன் சொன்ன அதே நினைப்பில்தான் இருந்தேன். காசு மதிப்பில்லாமல் போகிறது, மாடு இருக்கட்டும் என்று. அந்த வருடம் டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் இரண்டு நாள் விடாத தூறலும், எலும்பைத் துளைக்கிற குளிர்காற்றும். எங்கள் ஊரில் அப்படிக் குளிரை நான் கண்டதில்லை. விடியப் போய்ப் பார்த்தேன். மூன்று கிழட்டுப் பசுவும் வேலி ஓரம் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருந்தன. ஒன்றின் முதுகில் சாக்குப் போட்டிருந்தேன், அது நனைந்து பலகைபோல் கிடந்தது. கையை வைத்தேன், மூக்கில் சூடு இல்லை. மற்ற ஆறும் உதறிக்கொண்டு நின்றன, பிழைத்துவிட்டன. வடக்கிலும் கிழக்கிலும் அந்த நாலு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடு செத்தது. குளிர் தாங்காமல் என்றுதான் திணைக்களமும் சொன்னது. என் வளவில் செத்தது மூன்றும் உடம்பில் ஒன்றும் இல்லாதது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பசுவுக்கு அது பொருந்தாது. குழி வெட்டக் கூலியும் நானே கொடுத்தேன். சித்திரையில் விற்றிருந்தால் அந்தப் பசுக்களுக்கும் அந்த இரவு வந்திராது. விற்கமாட்டேன் என்றால் சரி, அதற்கு ஒரு கொட்டிலும் வைக்கோலும் போட வேண்டும். இரண்டும் இல்லாமல் "இருக்கட்டும்" என்று விடுவதுதான் நான் செய்த பிழை.

குச்சவெளி
ஏப்ரல் 22, இரவு 9.35

அக்கா, உங்கள் எழுத்தைப் படித்தபின் என் ஆறு பசுவுக்கும் வடக்குப் பக்கம் தகரம் இறக்குவதென்று முடிவெடுத்தேன். நன்றி.

தம்பலகாமத்தான்
ஏப்ரல் 23, காலை 6.00

மூதூர்த் தங்கச்சி சொன்னதை ஏற்கிறேன். வங்கி என்று நான் சொன்னது உடம்புள்ள மாட்டுக்குத்தான். அதை நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வெருகல் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். வயதுபோன நாலில் மணி கட்டிய பசு இருக்கிறதா? இருந்தால் அதைத் தொடாதே. என் தகப்பனின் பட்டியில் ஒரு மணிப் பசு இருந்தது. ஆற்றில் எந்த இடத்தில் இறங்கலாம், எந்தத் துரவில் ஆடி மாதமும் தண்ணீர் இருக்கும், மாலையில் எந்த வழியால் காலைக்கு (மாடு அடைக்கும் இடத்துக்கு) திரும்புவது, எல்லாம் அதற்குத் தெரியும். அது விற்றுப்போன வருடம் பட்டி மூன்றாய்ப் பிரிந்தது. தேடித் திரிந்த கூலியும், களவு போன ஐந்து மாடும் அதன் விலையைப்போல் நாலு மடங்கு.

வெருகல் பட்டி
ஏப்ரல் 23, இரவு 9.15

இருக்கிறது அண்ணன். அப்பா அதை வெள்ளச்சி என்று கூப்பிடுவார். கடைசிக் கன்று மூன்று வருடத்துக்கு முன். அதை வைக்கிறேன்.

மற்றதற்கு வைகாசிக் கடைசியில் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வெருகல் பட்டி
ஜூன் 8, இரவு 8.50

சொன்னபடி வந்துவிட்டேன். மே 23 விடிய ஆறு மணிக்கு எங்கள் மிருக வைத்தியர் மாட்டுக் காலைக்கு வந்தார். முந்தின நாள் நானும் பட்டி பார்க்கிற அண்ணனும் கொன்றைத் தடி வெட்டி ஒரு மாடு மட்டும் நுழையக்கூடிய ஒடுக்கமான வழி போட்டிருந்தோம். நாட்டு மாடு, கயிறு பழக்கம் இல்லை, இரண்டு முறை தடியை உடைத்துக்கொண்டு போயிற்று. டொக்டர் தோள்வரை உறை போட்டு ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். நான் கொப்பியோடு நின்றேன்.

13இல் 4 சினை. நடு வயதில் இரண்டு, இளசில் ஒன்று, நான் நம்பவே முடியாமல் நின்றது, வயதுபோன நாலில் ஒன்று. மூன்று மாதம் என்றார். மச்சான் சொன்னபடி ஏப்ரலில் ஏற்றியிருந்தால் நாலு கன்றும் வயிற்றோடு போயிருக்கும். குச்சவெளி ஐயாவை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

வெறுமை 9. காளை விசயத்தைப் பட்டி பார்க்கிற அண்ணனிடம் கேட்டேன். ஓய்வுபெற்ற டொக்டர் சொன்னது அப்படியே நடந்தது. "பெரிய காளைக்குப் பின்னங்கால் போன மாரியிலிருந்து சரியில்லை தம்பி, மோப்பம் பிடிக்கும், ஏறாது" என்று அமைதியாகச் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே." நடு வயதில் வெறுமையான மூன்றில் இரண்டு அந்தக் காளையோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவை. அந்த இரண்டையும் வைத்தேன். இளசு இரண்டையும் வைத்தேன். வெள்ளச்சி நிற்கிறது. கன்று வீசிய பசு தனியாக நிற்கிறது, இரத்தம் எடுத்துப் போனார்கள், முடிவு இன்னும் வரவில்லை. பாலைக் காய்ச்சாமல் இப்போது வீட்டில் யாரும் குடிப்பதில்லை.

விற்றது வயதுபோனதில் இரண்டு, நடு வயதில் ஒன்று, நொண்டிக் காளை. 128,000, 118,000, 135,000. காளை 210,000. மொத்தம் 591,000. 13 பசு என்று தொடங்கி மூன்று பசுவில் முடிந்தது.

லொறி வந்தபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு வந்து மூன்று பசுவின் கழுத்துக் கயிறையும் தானே அவிழ்த்து எடுத்தார். வியாபாரி கொண்டுவந்த கயிறைத்தான் கட்டினார்கள். எங்கள் கயிறு மூன்றும் இப்போது மாட்டுக் கொட்டில் வளையில் தொங்குகிறது. அன்று இரவு சாப்பிடும்போது, "அந்தச் சினைக் கிழவிக்கு இராவைக்குக் கொஞ்சம் தவிடு வை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வந்த காசில் 240,000க்கு ஒரு சாகிவால் கலப்புக் காளை பேசியிருக்கிறேன், இரண்டரை வயது. மிச்சத்தில் வைக்கோல் பட்டறைக்குக் கூரையும், மூதூர் அக்கா சொன்ன வாடைப் பக்கத் தட்டியும்.

கிண்ணியா மாட்டு வியாபாரி
ஜூன் 8, இரவு 9.30

விலை நல்ல விலை தம்பி. நான் வந்திருந்தாலும் அதற்கு மேல் கொடுத்திருக்கமாட்டேன். புதுக் காளையின் கடதாசியில் உள்ள காதுத் தகடு இலக்கத்தை மாட்டின் காதோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் காசைக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர்
ஜூன் 9, காலை 7.10

மகிழ்ச்சி. காளையைக் கொண்டுவந்த அன்றே பட்டிக்குள் விடவேண்டாம். 30 நாள் தனியாகக் கட்டுங்கள். அதற்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கால், குளம்பு, விதை மூன்றையும் நீங்களே தடவிப் பாருங்கள். கன்று வீசிய பசுவின் முடிவு வருமுன் இரண்டையும் சேர்க்கவே கூடாது.

வெருகல் பட்டி
ஜூன் 14, மாலை 6.40

டொக்டர், காளை நேற்று வந்துவிட்டது. இலக்கம் ஒப்பிட்டுப் பார்த்தேன், சரி. வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கட்டியிருக்கிறேன், மற்ற மாடு அந்தப் பக்கம் வராதபடி அலம்பல் வேலி போட்டாயிற்று. ஜூலை 13 ஞாபகம் வைத்துக்கொள்ள அப்பா கலண்டரில் கரியால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்.